அமெரிக்க மாநிலங்களின் கல்விக் கடன் அடைப்புத் திட்டங்கள்: புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் கடன் வாங்கி மருத்துவம் படித்து வெளியே வருபவர்களின் தலையில் இருக்கும் கடன், நடுமதிப்பாகப் பார்த்தால் சுமார் 2 லட்சம் டாலர். பல் மருத்துவர்களுக்கு இதைவிட அதிகம். நர்ஸ் பிராக்டிஷனர், பிசிஷியன் அசிஸ்டென்ட், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் ஆகியோரின் கடன் சிறியதாக இருந்தாலும் சம்பளமும் சிறியது என்பதால் சுமை ஒன்றும் குறைவதில்லை. இன்னொரு பக்கம், நம்பிப் போக ஒரு டாக்டர்கூட இல்லாத ஊர்கள் அதே நாட்டில் ஏராளம். ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்தால் உங்கள் கல்விக் கடனில் ஒரு பகுதியை அடைப்போம் என்று மாநில அரசுகள் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவிலேயே வளர்ந்து படித்த நம் பிள்ளைகள் இதைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது "எவ்வளவு தருவார்கள்?" என்பதைத்தான். அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, "அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது?" என்பது. உங்களுக்குத் தகுதி உண்டா, எந்த கிளினிக்கில் சேரலாம், பணம் எப்போது வரும், அடுத்த வருஷம் திட்டம் உயிரோடு இருக்குமா என்பதெல்லாம் பெரும்பாலும் அதை வைத்தே முடிவாகிறது.

முதல் படி: பணம் வரும் வழியைப் பாருங்கள்

இரண்டு திட்டங்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, 1970-ல் வந்த சட்டத்தால் உருவான நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர். அது ஃபெடரல் அரசு, அதாவது நாட்டின் மத்திய அரசு, நேரடியாக நடத்துவது. விண்ணப்பம் போவது வாஷிங்டனுக்கு, பணம் வருவதும் அங்கிருந்துதான். மற்றது, 1987-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி மாநிலங்கள் நடத்துவது. ஸ்டேட் லோன் ரீபேமென்ட் புரோகிராம் என்பது பெயர், சுருக்கமாக எஸ்.எல்.ஆர்.பி. என்பார்கள். இதில் ஹர்சா என்ற ஃபெடரல் அமைப்பு மாநிலத்துக்கு மானியம் கொடுக்கும். யாருக்கு, எந்தத் துறைக்கு, எவ்வளவு என்று மாநிலம் தீர்மானிக்கும்.

இந்த மானியம் சும்மா வருவதில்லை. ஃபெடரல் அரசு ஒரு டாலர் கொடுத்தால், ஃபெடரல் பணம் அல்லாத இன்னொரு டாலரை மாநிலம் போட வேண்டும். உங்களுக்கு 50,000 டாலர் கிடைக்கிறது என்றால் அதில் 25,000 டாலரை மாநிலம் எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறது என்று பொருள். பெருந்தொற்றுக் காலத்தில், 2021-ல் வந்த அமெரிக்கன் ரெஸ்க்யூ பிளான் சட்டம் மாநிலத் திட்டங்களுக்காக 10 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தப் பணத்துக்கு மட்டும், மாநிலம் ஈடாகப் போட வேண்டிய ஈட்டுத்தொகையைக் கேட்கவில்லை. பல மாநிலங்கள் அதை வைத்துத் திட்டத்தைப் பெரிதாக்கின. ஆனால் அது குறிப்பிட்ட வருஷங்களுக்கான பணம். பழைய அறிவிப்பைப் பார்த்து "போன தடவை இத்தனை பேருக்குக் கொடுத்தார்களே" என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

சரி, மாநிலங்கள் தங்கள் பங்கை எங்கிருந்து எடுக்கின்றன? இங்கேதான் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழியில் போகிறது.

டெக்சஸ், புகையில்லாப் புகையிலை மீதான வரியை 2009-ல் மாற்றியமைத்து, அதில் கூடுதலாக வந்த பணத்தை டாக்டர்களின் கல்விக் கடனுக்குத் திருப்பியது. கலிபோர்னியாவில் 2016-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 56-ம் எண் முன்மொழிவு, சிகரெட் பாக்கெட்டுக்கு 2 டாலர் வரியைக் கூட்டியது. அந்தப் பணத்திலிருந்து பிறந்ததுதான் கால்ஹெல்த்கேர்ஸ். ஐந்து வருஷம் வேலை பார்த்து, நோயாளிகளில் குறைந்தது 30 சதவீதம் பேர் வருமானம் குறைந்தவர்களுக்கான மெடி-கால் என்ற அரசுக் காப்பீட்டில் உள்ளவர்களாக இருந்தால் 3 லட்சம் டாலர் வரை அடைத்த திட்டம் அது. அதே மாநிலத்தில் ஸ்டீவன் எம். தாம்சன் பெயரில் உள்ள திட்டத்துக்கு ஒரு பகுதிப் பணம், டாக்டர்கள் லைசென்ஸ் வாங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கட்டும் 25 டாலரிலிருந்து வருகிறது. கொலராடோ மனநலப் பணியாளர்களுக்காகக் கஞ்சா விற்பனை வரியில் ஒரு பங்கை ஒதுக்கியது. மொன்டானாவில், மாநில உதவியோடு வெளியே படிக்கும் மருத்துவ மாணவர்கள் கட்டும் கட்டணமே, கிராமத்தில் வேலை பார்க்கும் டாக்டர்களின் கடனை அடைக்கப் பயன்படுகிறது. நியூயார்க்கின் டாக்டர்ஸ் அக்ராஸ் நியூயார்க் மாநில பட்ஜெட்டை நம்பி நடப்பது. மூன்று வருஷத்துக்கு 1,20,000 டாலர் வரை கொடுக்கிறது. மிச்சிகனில் வேலை கொடுக்கும் நிறுவனமே 20 சதவீதம் போட வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்வது? ஃபெடரல் மானியம் கலந்திருந்தால் ஃபெடரல் நிபந்தனைகள் அப்படியே வரும். குடியுரிமை, லாப நோக்கமில்லாத நிறுவனம், பற்றாக்குறைப் பகுதி என எதிலும் தளர்வு கிடைக்காது. மாநிலத்தின் சொந்தப் பணம் மட்டும் என்றால் விதிகள் சில இடங்களில் இளகியிருக்கும். ஆனால் பட்ஜெட் சரிந்தால் முதலில் கத்தி விழுவது இங்கேதான். ஒரு குறிப்பிட்ட வரியிலிருந்து வரும் பணம் கொஞ்சம் உறுதியானது. அதிலும் வருடாவருடம் வருகிறதா, ஒருமுறை ஒதுக்கிய தொகையா என்று பாருங்கள். கால்ஹெல்த்கேர்ஸுக்குத் தொடக்கத்தில் ஒதுக்கியது ஒருமுறைத் தொகையான 22 கோடி டாலர். அப்படிப்பட்ட பணத்தைச் சுற்றுச் சுற்றாகக் கொடுப்பார்கள், கையிருப்பு தீர்ந்தால் புதிய சுற்று இராது. நிறுவனம் பங்கு போடும் மாநிலமாக இருந்தால், வேலைக்கான நேர்காணலிலேயே "உங்கள் பங்கைப் போடத் தயாரா?" என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பங்கை உங்கள் சம்பளத்திலேயே கழித்துக்கொள்ளப் பார்க்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். அதற்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது படி: உங்களுக்குத் தகுதி இருக்கிறதா

ஃபெடரல் பணம் கலந்த திட்டத்துக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கும் இடமில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஜே-1 விசாவில் ரெசிடென்சி முடிக்கும் டாக்டர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. அவர்களுக்கு இருப்பது 1994-ல் தொடங்கிய கான்ராட் 30 திட்டம். ஒவ்வொரு மாநிலமும் வருஷத்துக்கு 30 பேருக்கு, மூன்று வருஷம் பற்றாக்குறைப் பகுதியில் வேலை பார்க்கும் நிபந்தனையோடு, சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு வாங்கித் தரலாம். வேலை பார்ப்பது அதே மாதிரி கிளினிக்கில்தான். கிடைப்பது விசா விலக்கு, கடன் அடைப்பு அல்ல.

கடனிலும் தகுதி உண்டு. உங்கள் படிப்புக்காக, உங்கள் பெயரில், அரசிடமோ வங்கியிடமோ வாங்கிய கடன்தான் செல்லும். உங்களுக்காக அப்பா அம்மா தங்கள் பெயரில் வாங்கிய பேரன்ட் பிளஸ் கடன் செல்லாது. கிரெடிட் கார்டில் கட்டிய ஃபீஸும் சொந்தக்காரர் கொடுத்த கைமாற்றும் செல்லாது. கணவன் மனைவி கடன்களை ஒன்றாகச் சேர்த்திருந்தாலோ, படிப்புக் கடனோடு வேறு கடனைக் கலந்து மறுநிதி செய்திருந்தாலோ சிக்கல்தான். வட்டி குறைகிறதே என்று கடனை மாற்றுவதற்கு முன்னால் இதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது படி: வேலை பார்க்கும் இடம்

மருத்துவப் பணியாளர் பற்றாக்குறைப் பகுதி என்று ஹர்சா அங்கீகரித்த இடமாக அது இருக்க வேண்டும். பேச்சில் அதை "ஹிப்சா" என்பார்கள். வேலைக்கான பேச்சுவார்த்தையில் இந்தச் சொல் ஓயாமல் காதில் விழும். பொது மருத்துவம், பல், மனநலம் என்று மூன்று துறைக்கும் தனித்தனியாக இந்த அங்கீகாரம் உண்டு. பொது மருத்துவத்தில் 3,500 பேருக்கு ஒரு டாக்டர்கூட இல்லையென்றால் பற்றாக்குறை. பல்லுக்கு 5,000 பேர், மனநல மருத்துவருக்கு 30,000 பேர். தேவை மிக அதிகம் என்று காட்ட முடிந்த இடங்களுக்கு இந்த எண்கள் இன்னும் குறையும். ஒரே ஊர் பல் மருத்துவத்துக்குத் தகுதி பெற்று, பொது மருத்துவத்துக்குத் தகுதி பெறாமல் போவது சகஜம். நண்பர் அந்த ஊரில் பல் மருத்துவராகக் கடனை அடைத்தார் என்பதால் உங்களுக்கும் கிடைத்துவிடும் என்று இல்லை.

அங்கீகாரத்தோடு ஒரு மதிப்பெண்ணும் உண்டு. பொது மருத்துவத்துக்கும் மனநலத்துக்கும் அதிகபட்சம் 25, பல்லுக்கு 26. மதிப்பெண் கூடக் கூடப் பற்றாக்குறை கடுமை, உங்கள் விண்ணப்பத்துக்கும் முன்னுரிமை. ஹர்சாவின் இணையத் தளத்தில் கிளினிக்கின் முகவரியைக் கொடுத்தால் மதிப்பெண் வந்துவிடும். அங்கே ஒரு நுணுக்கம்: ஃபெடரல் நிதியில் நடக்கும் சமுதாய சுகாதார மையங்களுக்குத் தானாகவே அங்கீகாரம் உண்டு. அந்த வட்டாரத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் மையத்துக்கு வேறு மதிப்பெண்ணும் இருக்கலாம். முகவரியோடு நிறுத்தாமல் மையத்தின் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

எஸ்.எல்.ஆர்.பி. இடங்கள் அரசுடையதாகவோ லாப நோக்கமில்லாததாகவோ இருக்க வேண்டும். முதியவர்களுக்கான மெடிகேர், வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட், குழந்தைகள் காப்பீடு ஆகிய அரசுக் காப்பீடுகள் மூன்றையும் ஏற்க வேண்டும். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் குறைக்கும் முறை இருக்க வேண்டும், பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. நேரில் போகும்போது வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் அந்தக் கட்டணக் குறைப்பு அறிவிப்பு தொங்குகிறதா என்று பாருங்கள். காகிதத்தில் மட்டும் அந்த முறையை வைத்திருக்கும் இடத்தில் சேர்ந்தால், பின்னால் ஆய்வு வரும்போது தலைவலி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான்காவது படி: தொகையைக் கணக்குப் பாருங்கள்

2,40,000 டாலர் கடன், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருஷ வட்டி மட்டும் 16,800 டாலர். இரண்டு வருஷத்துக்கு 33,600. நீங்கள் கையிலிருந்து எதுவும் கட்டாமல் திட்டத்தின் 50,000 டாலரை மட்டும் நம்பியிருந்தால், இரண்டு வருஷம் முடிவில் அசலில் குறைந்திருப்பது 16,400 டாலர்தான். வட்டியைச் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டே வந்தால் அந்த 50,000-ம் முழுசாக அசலில் போய் விழும், கடன் 1,90,000-க்கு இறங்கும். திட்டத்தில் சேர்ந்துவிட்டோம் என்று மாதத் தவணையை நிறுத்துவதில் எந்த லாபமும் இல்லை.

ஃபெடரலின் நேரடித் திட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 2024-லிருந்து அங்கே பொது மருத்துவத் துறையினருக்கு இரண்டு வருஷத்துக்கு 75,000 டாலர் வரை, மற்றவர்களுக்கு 50,000 டாலர் வரை என்று உயர்த்தினார்கள். இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம், ஒரே நேரத்தில் இரண்டையும் வாங்கிக்கொள்ள முடியாது. நேரடித் திட்டத்தில் மதிப்பெண் குறைந்த கிளினிக்குகளுக்கு வாய்ப்பு மங்கல். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்கு மாநிலத் திட்டமே நல்ல கதவு.

அப்புறம் பி.எஸ்.எல்.எஃப். எனப்படும் பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி. தகுதியான நிறுவனத்தில் முழு நேர வேலை பார்த்து 120 மாதத் தவணை கட்டினால் மிச்ச ஃபெடரல் கடன் தள்ளுபடியாகும். பத்து வருஷமும் அப்படியே இருக்கப் போவதாக முடிவு செய்தவர்களுக்கு, எஸ்.எல்.ஆர்.பி. பணம் எப்படியும் தள்ளுபடியாகப் போகும் கடனைத்தான் முன்கூட்டிக் குறைக்கிறது. அவர்களிடம் தனியார் வங்கிக் கடனும் இருந்தால், திட்டம் அனுமதிக்கும் பட்சத்தில், பணத்தை முதலில் தனியார் கடனுக்குத் திருப்புவதே புத்திசாலித்தனம். தனியார் கடனுக்கு பி.எஸ்.எல்.எஃப். கிடையாது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால், 2026 ஜூலை 1-லிருந்து மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு மாணவர்களுக்கு ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வருகிறது. புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு, மேற்படிப்பு மாணவர்களுக்கான கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடனும் மூடப்படுகிறது. இனி படிக்கப் போகிறவர்களில் பலர் மீதிக்குத் தனியார் வங்கிக்குத்தான் போக வேண்டியிருக்கும். தனியார் கல்விக் கடனையும் ஏற்றுக்கொள்ளும் மாநிலத் திட்டங்களின் மதிப்பு அதனால் கூடத்தான் செய்யும்.

வரி விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம். நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர், எஸ்.எல்.ஆர்.பி., பற்றாக்குறைப் பகுதிகளுக்காக மாநிலங்கள் நடத்தும் மற்றக் கடன் அடைப்புத் திட்டங்கள் எதிலும் வரும் பணத்துக்கு ஃபெடரல் வருமான வரி இல்லை. ஆனால் இந்தத் திட்டங்களுக்கு வெளியே நிறுவனம் தானாக உங்கள் கடனைக் கட்டினால் வருஷத்துக்கு 5,250 டாலர் வரைதான் வரி விலக்கு. அதற்கு மேல் போவது சம்பளக் கணக்கில் சேரும்.

ஐந்தாவது படி: காகிதங்களும் காலமும்

பெரும்பாலான மாநிலங்களின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. நியூயார்க்குக்கு ஏப்ரல் 1, டெக்சஸுக்கு செப்டம்பர் 1. டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பட்ஜெட் போடும். பட்ஜெட் முடிந்த கையோடு பல திட்டங்களில் விண்ணப்பக் கதவு திறக்கும், சில வாரங்களில் மூடிவிடும். சில மாநிலங்களில் முதலில் கிளினிக் விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்கினால்தான் நீங்கள் விண்ணப்பிக்கவே முடியும். ஒவ்வொரு மாநிலச் சுகாதாரத் துறையிலும் பிரைமரி கேர் ஆஃபீஸ் என்று ஒன்று இருக்கும். அங்கே மின்னஞ்சல் போட்டு அறிவிப்புப் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கதவு திறக்கும்வரை காத்திருக்காமல் இவற்றை எடுத்து வையுங்கள்: கடன் கொடுத்தவரிடமிருந்து உங்கள் பெயர், கணக்கு எண், இன்றைய நிலுவை, வட்டி ஆகியவை உள்ள அறிக்கை, கடன் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று காட்டும் பட்டியல், லைசென்ஸ், குடியுரிமைச் சான்று, வேலை ஒப்பந்தம். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தாலும், அப்பா பெயரைப் பின்பெயராக வைத்து ஒரு ஆவணத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தாலும் முன்னாடியே சரிசெய்துவிடுங்கள். நம்மவர்களின் விண்ணப்பங்கள் இதில் தாமதமாவது உண்டு.

ஆறாவது படி: கையெழுத்துக்கு முன்

குறைந்தபட்சம் இரண்டு வருஷ முழு நேர வேலை. முழு நேரம் என்றால் வாரம் 40 மணி, வருஷத்தில் குறைந்தது 45 வாரம். விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள், மாநாடு எல்லாம் சேர்த்து ஏழு வாரத்துக்குள் அடங்க வேண்டும். ஊருக்கு ஒரு மாதம் போய் வருவதே அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். பிள்ளைப்பேறு விடுப்பு வரும் என்று தெரிந்தால், கூடுதல் வாரங்களை ஒப்பந்தக் காலத்தின் கடைசியில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலையில் சேர்வதற்காகக் கொடுக்கும் சைனிங் போனஸ் பலருக்குத் தெரியாத கண்ணி. "20,000 டாலர் தருகிறோம், மூன்று வருஷம் இருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பித் தர வேண்டும்" என்று நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தால், அது ஏற்கெனவே உள்ள இன்னொரு சேவைக் கடமை என்று கருதப்படலாம். அப்படிக் கடமை உள்ளவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. போனஸ் வாக்கியத்தைத் திட்ட அலுவலகத்துக்கு முதலில் அனுப்பிக் காட்டிவிட்டு, அதன்பிறகு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதை முழுசாகப் படியுங்கள். ஃபெடரல் நேரடித் திட்டத்தின் விதி இது: வேலை பார்க்காத காலத்துக்கு உரிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதோடு வேலை பார்க்காத ஒவ்வொரு மாதத்துக்கும் 7,500 டாலர், அதற்கு மேல் வட்டி. மொத்தம் எவ்வளவு குறைவாக வந்தாலும் 31,000 டாலருக்குக் கீழே போகாது. இரண்டு வருஷத்துக்கு 50,000 வாங்கியவர் ஒரு வருஷத்தில் விலகினால் 25,000-ம், 12 மாதத்துக்கு 90,000-ம் சேர்ந்து 1,15,000 டாலர், வட்டி தனி. மாநில ஒப்பந்தங்களிலும் அபராதம் உண்டு, தொகையும் கணக்கும் மாறும். இரண்டு வருஷம் ஊன்றி நிற்க மனசு இல்லையென்றால், கிளினிக்கின் தலைமை நிலையாக இல்லையென்றால், இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கிளினிக் மூடினாலோ வேலை போனாலோ, புது வேலையில் சேர்வதற்கு முன்பே திட்ட அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். அங்கீகாரம் பெற்ற இன்னொரு இடத்துக்கு மாற வழி உண்டு. முதலில் மாறிவிட்டுப் பிறகு சொன்னால் அது ஒப்பந்த மீறல்.

ஏழாவது படி: கிளினிக் நடத்துபவர்களுக்கு

நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்தத் திட்டத்தைப் பணியாளரின் சொந்த விஷயமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தரும் ஒன்று. மாநிலம் தன் பங்கைப் போட்டால்தான் ஃபெடரல் பங்கு வரும் என்னும்போது, அந்தப் பணத்துக்காகப் பேசுவது கிளினிக்கின் வேலையும்தான். பட்ஜெட் விசாரணை நடக்கும்போது உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: எத்தனை மாதமாக எந்தப் பதவி காலியாக இருக்கிறது, நோயாளிகள் அடுத்து எவ்வளவு தூரம் போகிறார்கள், கடன் அடைப்பால் வந்து தங்கியவர் எத்தனை பேர். உங்கள் மாநிலத்தில் நிறுவனப் பங்குக்கு இடமிருந்தால் வருஷ பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்கி வையுங்கள். பதவி காலியாக இருக்கும் மாதங்களில் தற்காலிக டாக்டருக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

2025 ஜூலைச் சட்டத்தில் கிராம மருத்துவத்துக்காக ஐந்து நிதியாண்டுகளில் 5,000 கோடி டாலர் மாநிலங்களுக்குப் போக வழி செய்திருக்கிறார்கள். அதில் மருத்துவப் பணியாளர்களைக் கிராமத்துக்கு அழைத்து வந்து தக்கவைக்கும் செலவும் அடங்கும், ஐந்து வருஷம் அங்கே வேலை பார்ப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டால். உங்கள் மாநிலம் இதில் எவ்வளவைப் பணியாளர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது என்று அதன் திட்ட ஆவணத்தில் பார்க்கலாம். ஃபெடரல் பணம் என்பதால் இதை எஸ்.எல்.ஆர்.பி.யின் ஈட்டுத்தொகையாகக் காட்ட முடியாது. புதிதாக வரும் ஒருவரிடம் இரண்டு வருஷத் திட்டத்தையும் ஐந்து வருஷத் திட்டத்தையும் பற்றிப் பேசும்போது, எது எந்தப் பணம், எதற்கு எத்தனை வருஷம் என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்.